மூன்றாவது பங்குதாரர்

2024 ஜூன் 10, திங்கள்

பாப்பாவுக்கு இன்று பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். புதுச் சீருடையில் கழுத்துப் பட்டன் இறுக்குகிறது என்று அழுதுகொண்டே போனாள். சாயங்காலம் பிரித்துத் தைக்க வேண்டும்.

வாசலூர்பட்டியில் படகு விடும் ஏரிக்குப் போகிற ரோட்டில் அந்த ஷெட் கிடைத்துவிட்டது. முன்பு உரக்கடையாக இருந்த இடம். இன்னும் உள்ளே யூரியா வாடை அடிக்கிறது. பிரேக், கிளட்ச், பஞ்சர், மலை ஏறி வரும் வண்டிகளுக்கு எல்லாம் ஒரே இடத்தில் என்று நாங்கள் மூவரும் சேலத்தில் இருந்தபோதே பேசிப் பேசி வைத்திருந்த ஒர்க் ஷாப். மூவரும் என்றால் அவர், நான், தவ்பீக். ஒரே பைக் ஷோரூமில் வேலை பார்த்தோம். அவரும் தவ்பீக்கும் மெக்கானிக், நான் பில்லிங். அங்கே பழகித்தான் நானும் அவரும் கல்யாணம் செய்துகொண்டோம். தவ்பீக் மலைக்குக் கீழே சேந்தமங்கலத்துப் பையன். அவன் அப்பாவுக்கு அங்கே ஸ்பேர் பார்ட்ஸ் கடை.

ஷெட்டுக்காரர் வாடகை பேசி முடித்ததும் கேட்டார்: "அக்ரிமெண்ட் யாரு பேர்ல எழுதறதுங்க?"

அவரும் தவ்பீக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்கு வருடம் பேசியதில் இதை மட்டும் பேசவில்லை!

"அதெல்லாம் அருணா பாத்துக்கும்" என்றார் அவர்.

பி.காம். படித்தவள் ஆயிற்றே. பார்த்துக்கொள்கிறேன்.


ஜூன் 14

எங்கள் ஊரில் சிக்னல் என்பது மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தடியில் மட்டும்தான் கிடைக்கும். பாப்பா தூங்கிய பிறகு அங்கே நின்று யூடியூபில் ஒரு தம்பி பேசுவதைக் கேட்டேன். தனி உரிமை, கூட்டு நிறுவனம், எல்.எல்.பி., பிரைவேட் லிமிடெட். நான்கும் கல்லூரியில் படித்ததுதான். பரீட்சைக்குப் படித்தபோது அவை வெறும் வித்தியாசம் எழுதும் கேள்வி. இப்போது நம் வீட்டுக் கதவில் எந்தப் பூட்டு மாட்டுவது என்று பார்ப்பது போல இருக்கிறது.

கொசு பிடுங்குகிறது. மீதி நாளைக்கு.


ஜூன் 24

நாமக்கல் போய் வந்தோம். ஆடிட்டர் சுகுணா மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும். பேச்சு படபடவென்று வருகிறது, ஆனால் ஒரு கேள்விக்கும் முகம் சுளிப்பதில்லை.

"தனி ஓனருன்னா ரொம்பச் சுலபமுங்க. இன்னைக்கு நெனச்சா இன்னைக்கே ஆரம்பிச்சுக்கலாம். ஆனா சட்டத்துக்கு ஓனரும் கடையும் ஒண்ணுதான். கடைக்கு ஏதாச்சும் வந்தா ஊட்டையும் சேத்துத்தான் கேப்பாங்க."

"கூட்டுன்னாங்க?" என்றான் தவ்பீக்.

"அதுலயும் அதேதான். போதாததுக்கு ஒருத்தரு செஞ்சதுக்கு இன்னொருத்தரும் பொறுப்பு. எல்.எல்.பி.ன்னு வெச்சுக்கங்க, அதுவும் கூட்டுதான், ஆனா சட்டம் கடையத் தனி ஆளாப் பாக்கும். கடை பட்ட கடனுக்கு, நீங்க போட்ட மொதலோட நிக்கும். ஊட்டுக்கு வராது."

"அப்பறம் என்னங்க, அதையே போட்டுறலாம்" என்றார் அவர்.

"இருங்க. வருசத்துக்கு ரெண்டு தடவ கணக்கு அனுப்பணும். யாவாரம் நடந்தாலும் சரி, நடக்காட்டியும் சரி. மறந்தீங்கன்னா நாளுக்கு இவ்வளவுன்னு அபராதம் ஏறிட்டே போவும். கம்பெனியின்னா அதுக்கு மேல, வருசா வருசம் ஆடிட், மீட்டிங், மினிட்ஸ் எல்லாம் உண்டு."

அவர் தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டார். எவ்வளவு தேய்த்தாலும் போகாத கிரீஸ். இந்தக் கையால் கணக்கு அனுப்புவதா என்று நினைத்திருப்பார்.

பிறகு மேடம் பேனாவை எடுத்தார். "பங்குதாரர் யாரு யாருங்க?"

"நானும் தவ்பீக்கும்" என்றார் அவர், யோசிக்காமல்.

மேடம் என்னைப் பார்த்தார். "நீங்க?"

"நான் சும்மா கூட வந்தேனுங்க."


ஜூன் 25

ஏன் அப்படிச் சொன்னேன்?


ஜூலை 7

இரண்டு வாரமாக மனதில் வைத்துக்கொண்டு இன்று கேட்டுவிட்டேன். அவர் மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்து வரிசையில் குனிந்துகொண்டேன். முகம் பார்க்காமல் பேசுவது சுலபமாக இருந்தது.

"ஏனுங்க, ஒர்க் ஷாப்புல என்ற பேரையும் சேத்துக்கலாமுங்களா? பங்குல?"

நிமிர்ந்தார். "உனக்கெதுக்குத் தனியாப் பேரு? என்ற பங்கு உன்ற பங்குதானே?"

"அப்ப என்ற பங்கு உங்க பங்குன்னு சொல்லிக்கலாமுங்களே. நானும் தவ்பீக்கும் போட்டுக்கறோம்."

சிரித்தார். கோபமில்லை. "நீ வண்டியா கழட்டப்போறே?" என்று மட்டும் கேட்டார்.

பில் யார் போடப்போகிறார்கள், பார்ட்ஸ் எது தீர்ந்தது என்று யார் பார்ப்பார்கள், கணக்கு யார் அனுப்புவார்கள், ஷெட்டுக்குப் போட்ட சிமெண்ட் தரை என்னுடைய பி.எஃப். பணம் இல்லையா — இவ்வளவும் வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, இருவரும் வீட்டுக்கு ஓடிவிட்டோம்.


ஜூலை 20

எதையும் எழுதாமலே கடை ஓட ஆரம்பித்துவிட்டது. பெயர்ப்பலகை இல்லை, பில் புத்தகம் இல்லை. ஏதோ ஒரு வண்டி பஞ்சராகி நின்றது, அதற்குப் பின்னால் இன்னொன்று. தவ்பீக் காலை முதல் பஸ்ஸில் பார்ட்ஸ் பையோடு ஏறி வருகிறான். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றி, வந்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுகிறான். மெக்கானிக்குக்கே மலை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் கேலி செய்கிறார்.

பதிவு பற்றிக் கேட்டேன். "ஆடி முடியட்டும்" என்றார்.


ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு

மலை முழுக்க வண்டி. அருவிக்கும் கோயிலுக்கும் வந்த கூட்டம். காலையிலிருந்து அவர் தனி ஆளாக நின்றார். தவ்பீக் வீட்டில் அவன் அக்கா பெண்ணுக்கு நிச்சயம், அதனால் வரவில்லை. நான் டீ போட்டேன், நட்டு எடுத்துக் கொடுத்தேன், காசு வாங்கிப் போட்டேன். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

சாயங்காலம் போன். காலையில் பின்பிரேக் கட்டை மாற்றிக்கொண்டு போன ஈரோட்டுப் பையன் ஒருவன், இறங்கும்போது வளைவில் தடுப்புச்சுவரில் மோதிக் கை உடைந்துவிட்டதாம். நாமக்கல்லில் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். பேசியது அவன் சித்தப்பா. பேசியது என்ன, கத்தியது. "பிரேக் போட்டுக் குடுத்தவன் யாருய்யா? உங்க கம்பெனி மேல கேஸ் போடாம உடமாட்டேன்."

எங்களுக்குக் கம்பெனியே இல்லை.


ஆகஸ்ட் 4

அவர் சாப்பிடவில்லை. "பின்பிரேக் சரியாத்தான் போட்டேன் அருணா. முன்னாடி பிரேக் பேட் தேஞ்சிருக்குது, அதையும் மாத்திட்டு எறங்குன்னு சொன்னேன். நேரமில்லைன்னுட்டான்" என்று இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். நானும் கேட்டேனே, பக்கத்தில்தானே நின்றேன். ஆனால் நான் அவர் மனைவி. நான் சொன்னால் யார் நம்புவார்கள்?

சுகுணா மேடத்துக்குப் போன் செய்தேன். ஒன்றும் பதியாமல்தானே இருக்கிறோம், அதனால் ஏதாவது தப்பிக்க வழி உண்டா என்று கேட்டேன்.

"எழுதாட்டியும் கூட்டுதானுங்க அருணா. ரெண்டு பேரு சேந்து தொழில் நடத்தி லாபத்தப் பிரிச்சுக்கறீங்கன்னா சட்டம் அதக் கூட்டுன்னுதான் பாக்கும். பொறுப்பும் ரெண்டு பேருக்கும் உண்டு."

தவ்பீக் அன்றைக்கு மலையிலேயே இல்லை. அந்த வண்டியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "அக்கா, அத்தாவுக்கு இப்போ தெரிய வேண்டாம். நாளைக்கு வாரேன்" என்றான்.

ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கனமாக இருக்கிறது.


ஆகஸ்ட் 6

இவருடைய அண்ணன் காளியண்ணன் மாமா வந்தார். பாத்திரம் கழுவிக்கொண்டே எல்லாம் கேட்டேன்.

"இன்னும் ஒண்ணும் பதியலையல்ல? நல்லதாப் போச்சு. உன்ற பொண்டாட்டி பேர்ல போட்டுரு. ஊடும் காடும் உன்ற பேர்ல இருக்குது, கடை அவ பேர்ல இருக்கட்டும். நாளைக்கு எவனாச்சும் கேஸு போட்டா அவகிட்ட என்ன இருக்குது புடுங்கறதுக்கு?"

மாமா போனதும் அவர் உள்ளே வந்தார். முகத்தில் மூன்று நாளைக்குப் பிறகு கொஞ்சம் தெளிவு.

"அருணா, கடைய உன்ற பேர்லயே போட்டுறலாம். முழுசா. நீ கேட்டதுதானே?"

கேட்டேன்தான். ஆனா இதுக்கா கேட்டேன்? எங்கிட்டப் புடுங்க ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சதும் என்ற பேரு இனிக்குதா? பங்கு கேட்டப்ப வண்டியா கழட்டப்போறேன்னு கேட்டாரு. இப்ப கேஸு வந்தா முன்னால நிக்கறதுக்கு நானா? அப்ப தவ்பீக்? அவன் எங்க போவான்? அவன் பேரே எங்கயும் இருக்காதே!

பாத்திரத்தைப் போட்ட சத்தத்தில் பாப்பா எழுந்துவிட்டாள்.


ஆகஸ்ட் 7

காலையில் சொல்லிவிட்டேன். தண்ணீர் பிடித்துத் திரும்பும் வழியில், நிதானமாக.

"என்ற பேரு வேணுமுன்னா பங்கோட வேணும். மறைப்புக்கு வேண்டாமுங்க."

"மறைப்புன்னு யாரு சொன்னா?"

"மாமா சொன்னாரு. நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

நின்றுவிட்டார். குடம் என் இடுப்பில் இருந்தது, வாங்கிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. பயந்துபோயிருக்கிறார் என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. அவருடைய அப்பா ஒற்றை ஆளாகக் கல் சுமந்து கட்டிய வீடு அது. அது போய்விடுமோ என்ற பயம். என்னைக் குறைத்து நினைத்ததல்ல. ஆனால் பயத்தில் கை போன இடம் நான்தான், அதையும் நான் மறக்கப்போவதில்லை.

"பேரு, பதிவு எல்லாம் பொறவு" என்றேன். "மொதல்ல அந்தப் பையனப் போய்ப் பாக்கலாமுங்க. கை ஒடஞ்சு கெடக்குது. நாம இங்க உக்காந்து கேஸப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்."


ஆகஸ்ட் 9

மூவரும் போனோம். தவ்பீக் கீழே காரவள்ளியில் வந்து சேர்ந்துகொண்டான். கையில் சாத்துக்குடிப் பை.

ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே சித்தப்பா மறித்தார். என் வீட்டுக்காரர் கும்பிட்டார். "பையனப் பாத்துட்டுப் போயிடறோமுங்க. வேற ஒண்ணும் பேச வரலீங்க."

பையன் பெயர் சந்தோஷ்குமார். இருபது வயதுகூட இருக்காது. வலக்கையில் தோள்வரை கட்டு. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். இவர் அவனைப் படுக்கச் சொல்லிவிட்டு, "வலிக்குதா தம்பி?" என்று கேட்டார்.

பையன் சித்தப்பாவின் பக்கம் திரும்பினான். "சித்தப்பா, இந்த அண்ணன் சொன்னாருங்க. முன்னாடி பேட மாத்தாம எறங்காதன்னு ரெண்டு தடவ சொன்னாரு. பசங்க கெளம்பிட்டாங்கன்னு நான்தான் கேக்கல." கொஞ்சம் நிறுத்தி, "உங்ககிட்டச் சொன்னா வண்டியப் புடுங்கிக்குவீங்கன்னு சொல்லல" என்றான்.

சித்தப்பா வெளியே போய்விட்டார். நாங்கள் புறப்படும்போது படியருகே நின்றிருந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார். குடித்தோம். வண்டி போலீஸ் ஸ்டேஷனில் கிடக்கிறது, எடுத்ததும் ஷெட்டுக்கு அனுப்புங்கள், கூலி வேண்டாம், ஓடுகிற மாதிரி செய்து தருகிறோம் என்று தவ்பீக் சொன்னான்.

திரும்பும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச தூரம் ஏறியதும் தூங்கிவிட்டார். ஆறு நாள் தூக்கம்.


ஆகஸ்ட் 12

மறுபடி சுகுணா மேடம். அதே நாற்காலி, அதே பேனா. "முடிவு பண்ணிட்டீங்களா?"

"எல்.எல்.பி.யே போட்டுருங்க" என்றார் அவர். "பங்குதாரரு மூணு பேரு. பிரேம், தவ்பீக், அருணா." என் பெயரைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

மேடம் ஒன்றை அழுத்திச் சொன்னார். "ஒண்ணு வெளங்கிக்கங்க. எல்.எல்.பி. போட்டுட்டா எந்தப் பொறுப்பும் இல்லைன்னு நெனச்சுறாதீங்க. தவ்பீக் தப்பா ஒரு வேல செஞ்சா உங்க ஊட்டுக்கு ஆபத்து வராது. ஆனா அவரவரு கையால செஞ்ச தப்புக்கு அவரவருதான் பதில் சொல்லணும். எந்தப் பதிவும் அதக் காப்பாத்தாது."

"அது நாயந்தானுங்களே" என்றார் அவர். அவர் இவ்வளவு சட்டென்று ஒத்துக்கொண்டதை நான் பார்த்ததே இல்லை.


ஆகஸ்ட் 20

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். தவ்பீக்கின் அப்பா ஹபீப் பாய் ஒத்துக்கொள்ளவில்லை. நேரில் போனேன், நான் மட்டும். சேந்தமங்கலம் கடையில் கேபிள்களும் டியூப்களும் தொங்குகிற நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்.

"தப்பா நெனச்சுக்காத அம்மிணி. நீயும் உன்ற ஊட்டுக்காரரும் ரெண்டு பேரு. என்ற பையன் ஒருத்தன். எதுக்காச்சும் ஓட்டுன்னு வந்தா எப்பவும் அவன்தானே தோப்பான்?"

வரும் வழியெல்லாம் என்ன சொல்லலாம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவர் கேட்டதும் எல்லாம் மறந்துபோயிற்று. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. என் பெயர் சேர வேண்டும் என்று நின்றேனே, நான் சேர்ந்ததும் தவ்பீக்கின் பக்கம் சிறுத்துவிடும் என்று யோசித்தேனா?

"உங்க பயம் சரிதானுங்க பாய்" என்றேன். "கடன் வாங்கறது, புதுசா ஒருத்தரப் பங்குல சேக்கறது, கடைய மூடறது, இந்த மூணுக்கும் மூணு பேரும் ஒத்துக்கணுமுன்னு ஒப்பந்தத்துல எழுதிறலாமுங்க. ஒருத்தரு வேண்டான்னாலும் நடக்காது. மத்ததுக்கு ரெண்டு பேரு சொன்னாப் போதும்."

"மத்ததுல நீ ஊட்டுக்காரரு பக்கந்தானே பேசுவே?"

"எனக்குச் சரியின்னு படற பக்கம் பேசுவேனுங்க."

நம்பினாரா தெரியவில்லை. ஆனால் உள்ளே திரும்பி மனைவியிடம், "ஷமீம், மலையிலருந்து அருணா வந்திருக்குது, சோறு போடு" என்றார். கறிக்குழம்பு பிரமாதம்.


ஆகஸ்ட் 28

டிஜிட்டல் கையெழுத்துக்கு வீடியோ எடுக்க வேண்டுமாம். போனைப் பார்த்துப் பெயரைச் சொல்ல வேண்டும். சில்வர் ஓக் மரத்தடியில் மூவரும் வரிசையில் நின்றோம். அவர் விறைத்துப்போய், போலீஸில் வாக்குமூலம் கொடுப்பவர் மாதிரி சொன்னார். தவ்பீக் சிரித்துச் சிரித்து மூன்று முறை எடுக்க வேண்டி வந்தது.

என் முறை. "என் பெயர் அருணா." அவ்வளவுதான். ஒரே தடவையில் சரியாகிவிட்டது.


செப்டம்பர் 9

நாங்கள் கேட்ட பெயர் திரும்பி வந்துவிட்டது. அதே மாதிரி வேறொரு கம்பெனி இருக்கிறதாம். காலையிலிருந்து மூவரும் சண்டை. அவருக்குச் சாமி பெயர் வேண்டும். தவ்பீக்குக்கு 'ஹில் ரைடர்ஸ்' வேண்டும். பாப்பாவைக் கேட்டால் மயில் கடை என்கிறாள். கடைசியில் 'எழுபது வளைவு மோட்டார் சர்வீஸ்' என்று அனுப்பியிருக்கிறோம். மலைக்கு வந்தவன் எவனும் அந்த எழுபதை மறக்க மாட்டான்.


செப்டம்பர் 27

வந்துவிட்டது. சான்றிதழை மேடம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம்.

காளியண்ணன் மாமாவிடம் காட்டினோம். "மூணு பேரா?" என்றார். "சரி, போர்டு நல்லாப் பெருசா வெய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.


டிசம்பர் 15

பனி. காலையில் வண்டிகள் ஸ்டார்ட் ஆவதில்லை, அதனால் எங்களுக்கு வேலை.

சந்தோஷ்குமார் வந்திருந்தான். கை கூடிவிட்டது. தேன் வாங்கிப் போனான். இறங்கும் முன் இரண்டு பிரேக்கையும் அவனே கேட்டுப் பார்க்கச் சொன்னான்.


2025 மே 22

முதல் வருடாந்திரப் படிவம் அனுப்பினேன். கெடுவுக்கு எட்டு நாள் முன்னாலேயே.


ஜூலை 13

அவருக்கு மூன்று வாரமாக ஒரே பேச்சு. நடுவழியில் நின்றுபோன வண்டிகளை ஏற்றிவர ஒரு பழைய மினி லாரி வேண்டும். ராசிபுரத்தில் ஒன்று விலைக்கு இருக்கிறதாம். கைவசப் பணத்திலேயே முடித்துவிடலாம், கடன் தேவையில்லை என்கிறார். அவர் சொல்வதில் ஆசை பாதி, கணக்கு பாதி.

இன்று ஞாயிறு, கூட்டம் குறைந்த பிறகு ஷெட்டிலேயே உட்கார்ந்து பேசினோம். மழையில் வருகிற வண்டி எத்தனை, டீசல் எவ்வளவு, ஓட்ட ஆள் யார் என்று ஒவ்வொன்றாக நான் கேட்டேன். தவ்பீக், "இந்த வருசம் வேண்டாண்ணே, கம்ப்ரஸர மொதல்ல மாத்திறலாம்" என்றான்.

அவர் என்னைப் பார்த்தார். பத்து வருடம் கூட வாழ்ந்தவர் பார்க்கிற பார்வை.

"எனக்கும் இந்த வருசம் வேண்டாமுன்னுதான் படுதுங்க" என்றேன்.

எழுந்துபோய் ஒரு ஸ்கூட்டரின் சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். அந்த ஸ்கூட்டருக்குச் சக்கரத்தில் ஒரு கோளாறும் இல்லை. தவ்பீக் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான்.

கொஞ்ச நேரத்தில் அவர் போன் அடித்தது. கை முழுக்க கிரீஸ், ஸ்பீக்கரில் போட்டார். ராசிபுரத்து வண்டி புரோக்கர்.

"ஓனருங்களா? லாரி விசயம் என்னாச்சுங்க, முடிச்சுறலாமுங்களா?"

அவர் என் பக்கம் பார்க்கவில்லை. சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, எரிச்சல் பாதி என்னவோ பாதியாகச் சொன்னார்:

"ஓனருங்க மூணு பேருங்க. ரெண்டு பேரு வேண்டான்னுட்டாங்க."